கிட்டார் காலமா, வயலின் காலமா: லாங்கன்தாலில் ஒரு பட்டிமன்றம்

1

இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்து இந்தக் கார்த்திகையுடன் இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. அதைக் கொண்டாட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை. ஆனால் ஊரிலிருந்து வருகிற கடிதமெல்லாம் பனி எப்படி, மாடு எப்படி, சொக்கலேற் மலிவோ என்றே கேட்கிறபடியால், நாங்கள் இங்கே உண்மையில் எதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருமுறையாவது எழுதிவிட நினைத்தேன். பனியைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. பனி கொட்டினால் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம், அவ்வளவுதான். நாங்கள் கதைப்பது டெறிக்–சுகிர்தாவைப் பற்றி.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் எங்கள் வானொலியில் வந்த அந்தச் சோடிதான். டெறிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார். சுகிர்தா பக்கத்தில் நின்று பாடுவார். தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு கிட்டாரும் ஒரு பொங்கோ மேளமும்தான். பிறகு கொழும்புக்குப் போய், வயலின்கள் வரிசையாக இருந்து வாசிக்க, இசைத்தட்டுப் போட்டார்கள். ஆர்ப்பாட்டம் இல்லாத பாட்டுகள். வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பவர் கையை நிறுத்தாமலே கேட்கலாம். அப்படி ஒரு மென்மை.

சுவிற்சர்லாந்தில், லாங்கன்தால் என்ற இந்தத் தொழிற்சாலை ஊரில், புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய வீட்டில், எது டெறிக்–சுகிர்தாவின் சிறந்த காலம் என்ற கேள்வியால் ஒரு குடும்பம் உடையப் பார்த்தது. உடையாமல் தப்பியது எப்படி என்பதே இந்தக் குறிப்பு.

2

முதலில் வீட்டாரை அறிமுகப்படுத்த வேண்டும்.

கீழ்வீட்டில் குணம் அண்ணை, அவருடைய மனைவி திலகம் அக்கா, ஐந்து வயது மகள் மீரா. குணம் அண்ணை யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு றெக்கோட் பாரில் நின்றவர். இசைத்தட்டிலிருந்து கசெற்றுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பது அவர் தொழில். இங்கே என்னோடு பீங்கான் தொழிற்சாலையில் தட்டு அடுக்குகிறார். ஆனாலும் அவருடைய நடையில் அந்தக் கடையின் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

மேலே கூரைக்கு அடியில் உள்ள சாய்ந்த அறையில் நானும் தவமும். தவத்துக்கு என்னிலும் ஒரு வயது குறைவு. ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பின்னேர வேலை. காலையில் சும்மா இருப்பதால் மீராவைக் கிண்டர்கார்ட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் அவன்தான். போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் ஏதோ கதைப்பார்கள். அவள் சுவிஸ் டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், கேட்பாள். அவன் தமிழில் சொல்வான். எந்தச் சண்டையும் வந்தது கிடையாது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவன் நான் ஒருவன்தான். உயர்தரத்தில் பௌதிகம் படித்தேன். அந்த ஒரு காரணத்துக்காக இந்த வீட்டில் என் பெயர் "புரொபெசர்". கடிதம் வந்தாலும் புரொபெசர், குழாய் ஒழுகினாலும் புரொபெசர். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் என்னவோ குற்றம் செய்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழேதான் சாப்பாடு. சோறும் கறியும் மேசைக்கு வந்த பிறகு, யாராவது ஒருவர் ஒரு நெருப்புக் குச்சியைக் கிழித்துப் போடுவார்.

"கிட்டார் ஒண்டு, குரல் ரெண்டு. இதுக்கு மேல என்னண்ணை வேணும்?" என்பான் தவம்.

"தம்பி, நீ சொல்லுறது பாட்டு இல்லை. ஒத்திகை," என்பார் குணம் அண்ணை, பருப்பை ஊற்றிக்கொண்டு. "வயலின் வந்த பிறகுதான் அவை பாடத் தொடங்கினவை."

"வயலின் வந்த பிறகு சுகிர்தான்ரை குரல் எங்க போனது? பத்துப் பேருக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு."

"ஒளிக்கேல்லையடா, முதிர்ந்தது. மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத வாய் உனக்கு."

"எனக்கு மாங்காய்தான் விருப்பம். உப்பும் தூளும் போட்டு."

"கிட்டார் எண்டால் காதல், வயலின் எண்டால் கலியாண வீடு," என்று நான் ஒருமுறை சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன்.

திலகம் அக்கா அகப்பையை நிமிர்த்தினார். "அப்ப காதலிச்சவை கலியாணம் கட்டப்படாதோ, புரொபெசர்? வாயை வைச்சுக்கொண்டு சாப்பிடும்."

வழக்கின் முக்கிய சாட்சி ஒரு பாட்டு. 'ரெண்டு பேருக்கு ஒரு ஐஸ்பழம்'. பையனும் பெண்ணும் ஒரே ஐஸ்பழத்தை வாங்கிவிட்டு, முதலில் நீ கடி, இல்லை நீ கடி என்று மாறிமாறிப் பாட, அது உருகிக்கொண்டே போகும். இந்தப் பாட்டை டெறிக்–சுகிர்தா இரண்டு முறை பாடினார்கள் என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஏனென்றால் இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. தவத்தின் கசெற்றில் அது துள்ளிக்கொண்டு ஓடும். சுகிர்தாவின் குரல் மெல்லிசாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்போல இருக்கும். வயலின் ஒன்றும் கேட்காது. அது கிட்டார் காலத்துப் பாட்டு. குணம் அண்ணையின் கசெற்றில் அதே பாட்டு ஆறுதலாக, நிறைவாக, பின்னால் வயலின் அலையடிக்க வரும். அது வயலின் காலத்துப் பாட்டு. இதைவிடத் தெளிவான ஆதாரம் எந்த நீதிமன்றத்துக்கு வேண்டும்?

3

பெரிய சண்டைகளின் தொடக்கம் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். எங்களுடையது புடலங்காய்க் கறியோடு தொடங்கியது.

புடலங்காய் சூரிச்சிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அந்தச் சந்தோசத்தில் தவம் மேலே ஓடிப்போய்த் தன் கசெற் றெக்கோடரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஐஸ்பழத்தைப் போட்டான். மீரா எழும்பி ஆடத் தொடங்கினாள். அன்றைக்குக் குணம் அண்ணைக்கு என்ன வந்ததோ, தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஏதோ சொல்லியிருந்தார், அந்தச் சூடு போலும். கையை நீட்டிப் பொத்தானை அமத்தி நிறுத்தினார்.

"பாட்டு எண்டு நினைச்சு இரைச்சலைக் காவிக்கொண்டு திரியிறான். இதைப் பதிஞ்சவருக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லை."

தவம் றெக்கோடரின் வயரைச் சுற்றினான். பாதிச் சாப்பாட்டில் எழும்பி மேலே போனான்.

அந்தப் பாட்டைப் பதிந்தது அவனுடைய தங்கச்சி. அவன் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதல் கிழமை, வானொலிக்குப் பக்கத்தில் றெக்கோடரைப் பிடித்துக்கொண்டிருந்து, அண்ணாவுக்குப் பிடித்த பாட்டு என்று பதிந்து கொடுத்தாள். இது எனக்குத் தெரியும். திலகம் அக்காவுக்குத் தெரியும். குணம் அண்ணைக்குத் தெரியாது. நான் அவரிடம் சொன்னபோது முகம் கறுத்துப் போனது. ஆனால் மூத்த ஆம்பிளை ஒருவர் இளையவனிடம் போய் "பிழை விட்டிட்டன்" என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அவர் அடுத்த நாள் ஒரு பெரிய தோடம்பழப் பையை எங்கள் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். தவம் அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனான். தோடம்பழத்தை நான்தான் தின்றேன்.

அதற்குப் பிறகு தவம் கீழே சாப்பிட வரவில்லை. மீராவை மட்டும் வாசலில் நின்று கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு போனான். அந்த நேரம் பார்த்து எங்கடின் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு ஹொட்டேலின் தலைமைச் சமையற்காரர் அவனுக்குச் சொல்லி அனுப்பினார்: குளிர்காலச் சீசனுக்கு ஆள் வேண்டும், தங்குமிடம் தருவோம், கன்ரோன், அதாவது மாநிலம், மாறுவதற்கான அனுமதியை வெளிநாட்டவர் பொலிஸில் ஹொட்டேலே எடுத்துத் தரும், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"போறன் புரொபெசர்," என்றான் தவம், கட்டிலில் படுத்துக்கொண்டு சாய்ந்த கூரையைப் பார்த்தபடி. "அங்க மலைக்கு ரெயின் போகுமாம். வடிவாம்."

"வடிவைப் பாக்கவோ போறாய்?"

"பின்னை? இங்க இருந்து என்னத்தைப் பாக்கிறது? உம்மடை குறட்டையையோ?"

பகிடிதான். ஆனால் அவன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்திருந்தான். எங்கடின் இந்த நாட்டின் மற்றத் தொங்கலில் இருக்கிறது. போனால் திரும்பி இந்த அறைக்கு வரமாட்டான். அறையை வீட்டுக்காரி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். இரண்டு வருடத்தில் நான் இங்கே சம்பாதித்த ஒரே தம்பி அவன். எனக்குக் கடைசி வகுப்பு வரை படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. என்ன சொல்லி அவனை நிறுத்துவது என்று தெரியவில்லை.

தெரிந்தது திலகம் அக்காவுக்கு. "ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக் கதைக்க மாட்டினம். ஆனால் மேடையில ஏத்திவிட்டால் எந்தத் தமிழன் கதைக்காமல் விடுவான்? ஒரு பட்டிமன்றம் வையுங்கோ."

"ஆர் நடுவர்?"

"நீர்தானே படிச்சனீர்."

4

மண்டபம் எடுக்கிற வேலை எனக்கு வந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் சபை மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் பொறுப்பாளரை இங்கே 'அப்வார்ட்' என்பார்கள். வெள்ளை மீசை வைத்த, இடுப்பில் திறப்புக் கோர்வையோடு நடக்கிற மனிதர். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். பட்டிமன்றத்துக்கு டொச்சில் சொல் தெரியாமல், "நாங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குச் சண்டை பிடிக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திறப்புக் கோர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எத்தனை பேர்?"

"முப்பது பேர் வரை. பிள்ளைகளும் வருவார்கள்."

பிறகு நான் கையாலும் காலாலும் விளக்கினேன். பாட்டுக்காரர் இருவர், பழைய காலம், புதிய காலம், எது நல்லது. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. எம்மென்ரால் பள்ளத்தாக்கில், யோடல் என்ற மலைப்பாட்டுப் பாடுகிற ஒரு சோடி இருக்கிறதாம். அவர்கள் அக்கோடியன்காரனைச் சேர்த்த பிறகு கெட்டுப்போனார்கள் என்பது அவருடைய கட்சி. அவருடைய மைத்துனன் எதிர்க் கட்சி. இதனால் அவர்கள் ஒரு நத்தார் விருந்துக்கு ஒன்றாக இருக்கவில்லை. "மண்டபத்தை எடுங்கள்," என்றார். "முடிவு என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும்." பத்து விதி எழுதிய தாளையும் தந்தார்: கதிரையை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும், குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், இத்தியாதி. விதி இல்லாமல் இந்த நாட்டில் அன்பும் வராது.

தவம் வருவானோ என்று பயந்தேன். வந்தான். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தான்.

5

கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். பேர்ண் நகரத்திலிருந்தும் ஆட்கள். திலகம் அக்கா பெரிய சட்டி நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் 'காலம் என்பது யாது' என்று தொடங்கி ஒரு முன்னுரை எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் வரியிலேயே பின்வாங்கில் இருந்த ஒருவர், "தம்பி, வடை ஆறுது" என்றார். முன்னுரையை மடித்துப் பையில் வைத்தேன்.

குணம் அண்ணை முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். தனிக் கிட்டாரோடு பாடுவது வாசலில் நின்று கதைப்பது, வயலினோடு பாடுவது வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்திக் கதைப்பது என்றார். கைதட்டல். தவத்தை ஒரு முறையும் நேராகப் பார்க்கவில்லை. "எதிர்த் தரப்பு நண்பர்" என்றார். தவமும் தன் முறைக்கு "முன்னாள் றெக்கோட் பார் அதிபர் அவர்கள்" என்றான். சிரிப்பு. நான் மணியை அடித்தேன். மணி என்பது ஒரு கரண்டியும் தேத்தண்ணிக் கோப்பையும்.

பிறகு சாட்சி. குணம் அண்ணையின் கசெற்றைத் தவத்தின் றெக்கோடரில் போட்டோம். வயலின்கள் மண்டபத்தின் மரக் கூரைவரை போயின. இரண்டு மூன்று பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிந்தபோது வயலின் கட்சி வென்றுவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

தவம் தன் கசெற்றைப் போட்டான். ஐஸ்பழம் துள்ளியது. தவம் றெக்கோடருக்குப் பக்கத்தில் நிற்காமல் மேடையின் முன்னால் வந்து நின்று, கையை விரித்து, "கேளுங்கோ, கேளுங்கோ, எவ்வளவு கெதி, எவ்வளவு இளமை!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அறையில் போடும்போது பாட்டு முடிகிற அதே நொடியில் அவன் நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கை விரித்த நிலையில் நின்றபடியால் நிறுத்தத் தவறிவிட்டான். பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார்.

அந்த அறிவிப்பாளரின் குரல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடித்தொண்டைக் குரல். மண்டபத்தில் இருந்த பாதி ஆம்பிளைகள் ஒரு காலத்தில் அதைப் போலக் கதைத்துப் பழகியவர்கள். அந்தக் குரல் இப்போது, அணில் பிள்ளை நேரம் சொல்கிற மாதிரி, கீச்சுக் கீச்சென்று நேரத்தைச் சொல்லியது.

உடனே மீரா முன்வாங்கில் எழும்பி நின்று, சுவிஸ் டொச்சில், "சுவேர்க்லி! சுவேர்க்லி!" என்று கத்தினாள். அவளிடம் கிண்டர்கார்ட்டனில் கேட்கிற கதைக் கசெற் ஒன்று இருக்கிறது. அதில் வருகிற குள்ள மனிதர்கள் இப்படித்தான் கதைப்பார்கள்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. தவத்தின் முகம் செத்தல் மிளகாய் மாதிரி ஆனது. அவன் றெக்கோடரை நோக்கி நடந்த நடையில், கழுத்துப்பட்டியோடு அப்படியே எங்கடினுக்குப் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்தது.

நான் கோப்பையைத் தட்டினேன். உடைந்துவிடுகிற மாதிரித் தட்டினேன்.

"நடுவருக்கு ஒரு கேள்வி இருக்கு. தவம், இதைப் பதியேக்க றெக்கோடர் கரண்டிலயோ ஓடினது, பற்றறியிலயோ?"

"எங்கடை வீட்டில எங்கை கரண்ட்? பற்றறிதான்."

"புதுப் பற்றறியோ?"

"புதுசுக்கு எங்கை போறது? தோர்ச் லைற்றில இருந்ததை எடுத்து, ரெண்டு நாள் வெயிலில காயவைச்சுப் போட்டவள்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பற்றறியை வெயிலில் காயவைக்காத வீடு யாருடையது? வடகம் காய்கிற பாயின் ஓரத்தில் பற்றறியும் காயும். காய்ந்தால் இன்னும் ஒரு சொட்டு உயிர் வரும். அந்த ஒரு சொட்டில்தான் தவத்தின் தங்கச்சி அந்தப் பாட்டைப் பிடித்திருக்கிறாள்.

"அப்ப விசயம் இதுதான்," என்றேன். என் வாழ்க்கையில் பௌதிகம் இப்படி ஒருநாளும் கைகொடுத்ததில்லை. "பற்றறி இறங்கினால் நாடா ஆறுதலாச் சுத்தும். ஆறுதலாச் சுத்தேக்க பதிஞ்சதை, இங்க சுவிஸ் கரண்டில முழு வேகத்தில போட்டால், எல்லாம் கெதியாயும் கீச்சாயும்தான் வரும். இது கிட்டார் காலமும் இல்லை, ஒரு காலமும் இல்லை. பற்றறி இறங்கினது."

குணம் அண்ணை றெக்கோடரை எட்டிப் பார்த்தார்.

"நிரூபியும்," என்றார் பின்வாங்கு வடைக்காரர்.

தவத்தின் றெக்கோடருக்குள் மாசக் கணக்கில் மாற்றாத பழைய பற்றறிகள் கிடந்தன. எப்போதும் வயரில் ஓட்டுவதால் அவன் அவற்றை மறந்தே போனான். நான் வயரைக் கழற்றினேன். நாடாவைப் பின்னால் ஓட்டி, பொத்தானை அமத்தினேன். செத்த பற்றறியில் பதிந்த பாட்டு, செத்த பற்றறியில் ஓடத் தொடங்கியது.

துள்ளல் அடங்கியது. சுகிர்தாவின் குரல் கீழே இறங்கி, நிறைந்து, அகலமாக வந்தது. இரைச்சலுக்குப் பின்னால், மிக மெல்லியதாக, ஆனால் சந்தேகம் இல்லாமல், வயலின்கள். குணம் அண்ணையின் பாட்டு. அதே பாட்டு. அதே மூச்சு எடுக்கிற இடம், அதே இடத்தில் டெறிக் ஒரு சின்னச் சிரிப்பை விழுங்குகிறார். அவர்கள் இரண்டு தரம் பாடவில்லை. நாங்கள்தான் இரண்டு தரம் கேட்டிருக்கிறோம்.

"பாத்தியளோ!" என்று யாரோ வயலின் கட்சியிலிருந்து எழும்பினார். குணம் அண்ணை அவரைக் கையமர்த்தினார். ஏனென்றால் தவம் றெக்கோடருக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டான்.

பாட்டுக்கு நடுவில் ஒரு நாய் குரைத்தது. பெரிய நாய், நெஞ்சால் குரைக்கிற நாய்.

"வீமன்!" என்றான் தவம். "எங்கடை வீமன்! ஐயோ, இவ்வளவு காலமும் பக்கத்து வீட்டுக் குட்டி எண்டெல்லோ நினைச்சன்!"

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் தன் அடித்தொண்டையில், கிணற்றுக்குள்ளிருந்து, நேரத்தைச் சொன்னார். கைதட்டல் கிளம்பப் போக, அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல், வானொலியிலிருந்து அல்ல, அறையிலிருந்து, மிகக் கிட்ட வந்தது.

"அண்ணா, முழுக்கப் பிடிச்சிட்டன். நிப்பாட்டட்டோ?"

அவ்வளவுதான். பொத்தான் அமத்துகிற சத்தம்.

தவம் றெக்கோடரின் மேல் கையை வைத்தான். "இது... பாட்டு முடியக் கீச்செண்டு ஒரு சத்தம் தொடங்கும். ஏதோ நாடா சிக்கிற சத்தம் எண்டு நினைச்சு நிப்பாட்டிப் போடுவன்," என்றான். பிறகு சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "இவளின்ரை குரல் இப்பிடித்தான். இப்பிடியேதான். கொஞ்சம் மூக்கால கதைப்பாள்."

குணம் அண்ணை மேடையின் மற்றப் பக்கத்திலிருந்து எழும்பி வந்தார். றெக்கோடருக்குக் குனிந்து, தொழில் தெரிந்த விரலால், நாடாவை அளந்து பின்னுக்குத் தள்ளினார்.

"என்ன அண்ணை, திரும்ப வயலினோ?" என்று யாரோ கேட்டார்.

"வயலின் கிடக்கட்டும்," என்றார் குணம் அண்ணை. "அந்தப் பிள்ளை கதைக்கிறதை இன்னொருக்காக் கேப்பம். தவம், நல்லாத்தான் பிடிச்சிருக்கிறாள் உன்ரை தங்கச்சி. ஒரு சொல்லும் விடேல்லை. என்ரை கடையில அவளை வேலைக்கு வைச்சிருப்பன்."

மூத்த ஆம்பிளை ஒருவர் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. வழக்கின் முக்கிய சாட்சி ஒரே ஆள் இரண்டு சட்டை போட்டு வந்தது என்று தெரிந்த பிறகு என்ன தீர்ப்பு? வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தவம் எழும்பிக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான்.

"நடுவர் அவர்களே, எனக்கு ஒரு திருத்தம் இருக்கு. நான் கட்சி மாறுறன். சிறந்த காலம் கிட்டார் காலமும் இல்லை, வயலின் காலமும் இல்லை. பற்றறி காலம்!"

"என்னடா விசர்க் கதை?" என்றார் குணம் அண்ணை.

"விசரோ? உங்கடை மகளைக் கேளுங்கோ!"

மீரா மேடைக்கு ஏறிவிட்டிருந்தாள். ஆறுதலான ஐஸ்பழம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "நொமோல்! சுவேர்க்லி, நொமோல்!" என்றாள், இன்னொருக்கா, குள்ளர் இன்னொருக்கா என்று. வீட்டில் திலகம் அக்கா சோறு என்றால் அவள் ரைஸ் என்பாள். வா என்றால் நெய் என்பாள், வரமாட்டேன் என்று. தமிழில் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்க அக்கா படாத பாடு பட்டிருக்கிறார். நான் வயரைக் கொழுவினேன். ஐஸ்பழம் மறுபடியும் துள்ளியது. மீரா கூடவே பாடினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு சொல் தவறாமல், அந்த வேகத்திலேயே. கிண்டர்கார்ட்டனுக்குப் போகிற வழியில் தவத்தோடு பாடிப் பழகியிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

திலகம் அக்கா வடைச் சட்டியை வைத்துவிட்டு நின்றார். குணம் அண்ணை மகளைப் பார்த்தார். பிறகு தவத்தை, அன்றைக்கு முதன்முதலாக, நேராகப் பார்த்தார்.

"டேய். இதை எனக்கு ஒரு கசெற்றில பதிஞ்சு தா."

"ஆறுதலானதோ?"

"அது என்னட்டை இருக்கெல்லோ. இந்தக் கண்றாவியைத்தான்."

கதிரைகளை இழுக்காமல் தூக்கி அடுக்கினோம். கதவைப் பூட்ட வந்த அப்வார்ட், யார் வென்றார்கள் என்று கேட்டார். பற்றறி என்றேன். அவர் நீண்ட நேரம் யோசித்து, மைத்துனனிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

6

திங்கட்கிழமை காலை தபாற்கந்தோரில் உள்ள தொலைபேசிப் பெட்டிக்குள் நானும் தவமும் நெருங்கி நின்றோம். மீராவைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தான். முந்தின நாள் இரவு கீழே சாப்பிட்ட சாப்பாட்டிலும் பிடித்த சண்டையிலும் குரல் அடைத்திருந்தது. அவனும் குணம் அண்ணையும் இப்போது, டெறிக்கும் சுகிர்தாவும் உண்மையில் வேறு எந்தப் பாட்டையாவது இரண்டு தரம் பாடினார்களா என்று பிடுங்குப்படத் தொடங்கியிருந்தார்கள். அது முடிய இந்தக் குளிர்காலம் போதாது.

"நீர் கதையும் புரொபெசர். வரமாட்டன் எண்டு மரியாதையாச் சொல்ல எனக்கு டொச்சில தெரியாது. நான் சொன்னால் முகத்தில அடிச்ச மாதிரித்தான் வரும்."

எங்கடின் ஹொட்டேலின் சமையற்காரர் எடுத்தார். பின்னால் சட்டி பானைச் சத்தம். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முன் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, தவம் இந்தச் சீசனுக்கு வர முடியாமைக்கு மிகவும் வருந்துகிறார் என்று, முதல் நாளே எழுதிப் பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்.

காரணம் என்ன என்று கேட்டார்.

குடும்பக் காரணம் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் குழம்பினார். "குடும்பமா? லாங்கன்தாலில் தனக்கு யாரும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம் என்று அவரே சொன்னாரே?"

நான் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தவத்தைப் பார்த்தேன். "உனக்கு இங்க ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனியாம். இப்ப என்ன சொல்ல?"

தவம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். காது நுனி சிவந்திருந்தது.

"அது போன கிழமை எண்டு சொல்லும்," என்றான்.

சொன்னேன்.